நடந்துவிட்டு வந்து என்ன சாப்பிடுவது?

"டீச்சர், நடந்துட்டு வந்தா எத்தனை நேரங் கழிச்சுங்க சாப்பிடறது?"

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் பதிலையும் கையோடு வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் எதையும் தொடக்கூடாது, அப்போதுதான் கொழுப்பு தொடர்ந்து கரையும் என்பார் ஒருவர். அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் செய்த பயிற்சியெல்லாம் வீண் என்பார் இன்னொருவர்.

நான் உடற்கல்வி ஆசிரியை. பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிடுவது போக, எங்கள் தெருப் பெண்களோடு காலையில் நடக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டம்பெல் வைத்துப் பயிற்சி. எடை குறைய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: உடற்பயிற்சிக்காகப் புதிதாக ஒரு வேளைச் சாப்பாட்டைச் சேர்க்காதீர்கள். இருக்கிற வேளையையும் விட்டுவிடாதீர்கள். தினமும் சாப்பிடும் காலை டிபனையே நடைக்குப் பின்னால் கொண்டுவந்து வையுங்கள், அதில் புரதத்தைக் கூட்டுங்கள். அதை எப்படிச் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் கணக்கு

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 250 கலோரி செலவாகும். அதே ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு 70 கலோரி எடுத்திருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 180 சொச்சம். நடை முடிந்து எல்லோருமாகப் போய் ஒரு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட பால் காபியும் சாப்பிட்டால் அந்த 180 தாண்டிவிடுகிறது. அப்புறம் வீட்டில் டிபன் வேறு காத்திருக்கிறது. பல மாதம் நடந்தும் எடை இறங்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் நடையைப் பற்றிக் கேட்பதில்லை. நடை முடிந்ததிலிருந்து வீட்டு வாசலை மிதிக்கும்வரை என்னென்ன வாய்க்குள் போயிற்று என்று கேட்பேன்.

கையில் கட்டும் பட்டை 400, 500 என்று காட்டும். அதை நம்பி ஒரு தோசையைக் கூட்டாதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகைப் பட்டைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரி விஷயத்தில், இருப்பதிலேயே சரியாகக் காட்டியதுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம்.

இதைச் சொல்வது நடையைக் குறைத்துப் பேச இல்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடை செய்யும் நன்மை பெரியது. எடை மட்டும் பெரும்பாலும் தட்டில்தான் முடிவாகிறது.

சாறு வண்டியும் சூப் வண்டியும்

எந்த ஊரிலும் நடைபாதையை ஒட்டி இவை இருக்கும். அருகம்புல் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, வாழைத்தண்டு, சாம்பல் பூசணி, முடக்கத்தான் சூப், கொள்ளு சூப், முளைகட்டிய பயறு. இவற்றில் எதுவும் கொழுப்பைக் கரைக்காது. தாகத்துக்கு ஒரு டம்ளர் சாம்பல் பூசணிச் சாறு குடிப்பதில் தவறில்லை. தேனோ சர்க்கரையோ சேர்க்காமல் கேட்டு வாங்குங்கள். சூப்பில் உப்பும் சோளமாவும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் நான் காசு கொடுத்து வாங்கச் சொல்வது முளைகட்டிய பயறு ஒன்றைத்தான்.

கொள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம்மவர்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம், கூடவே நிறைய நார்ச்சத்து. சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது, அதனால் அடுத்த வேளை அளவாக இறங்கும். ஆனால் வேகவைத்த தண்ணீரை மட்டும் வடித்து ரசம் வைத்துக் குடித்தால் அந்தப் புரதத்தில் பெரும்பகுதி பயறோடு தங்கிவிடும். கொங்கு வீடுகளில் செய்கிற கொள்ளுக் கடைசல் இருக்கிறதே, பயறையே மத்தால் கடைந்து சாப்பிடுவது, அதுதான் பலன் தரும்.

தண்ணீர்

நடைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருக்கும். அது வியர்வை. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். தாகம் தணியக் குடித்ததும் அந்த எடை திரும்பி வரும், வரத்தான் வேண்டும். "குடிக்காமல் இருந்தால் எடை இறங்குகிறதே" என்று தண்ணீரை ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும்.

ஒரு மணி நேர நடைக்குச் சாதாரணத் தண்ணீரே போதும். வெயில் காலத்தில் நன்றாக வியர்த்துக் கொட்டினால் உப்பிட்ட நீர்மோர். இளநீர் ஒன்றில் 50 கலோரி அளவுதான் இருக்கும், எப்போதாவது குடிக்கலாம். குளுக்கோஸ் பொடியும் கரும்புச் சாறும் எடை குறைக்க வந்தவர்களுக்கு வேண்டாம்.

ஏன் சாப்பிட்டே ஆக வேண்டும்

குறைவாகச் சாப்பிட்டு எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் இறங்குவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. தசை போனால் மாடிப்படி ஏறவும் குடம் தூக்கவும் பலம் குறையும், உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரியும் குறையும். நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. தசையைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு: எடை தூக்கும் பயிற்சி, போதுமான புரதம். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதிப் பலன்தான்.

சாப்பிடாமல் தள்ளிப்போட்டால் கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்ற எண்ணத்துக்கு வருவோம். 2014இல் 20 இளம்பெண்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரப் பயிற்சி. பாதிப் பேர் வெறும் வயிற்றில், மீதிப் பேர் சாப்பிட்டுவிட்டு. நாள் முழுக்க உள்ளே போன அளவு இரு பக்கமும் ஒரே மாதிரி. இரு தரப்புக்கும் எடை குறைந்தது, கொழுப்பும் குறைந்தது, இரண்டுக்கும் நடுவே சொல்லும்படி வித்தியாசமில்லை. பயிற்சி நேரத்தில் எரிவது கொழுப்பா சர்க்கரையா என்பதைவிட அன்றைய முழுக் கணக்குதான் பேசுகிறது.

அரை மணிக்குள் என்ற பயமும் வேண்டாம். 2013இல் அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பின் எத்தனை நிமிடத்தில் புரதம் எடுத்தார்கள் என்பதைவிட, நாள் முழுக்க எவ்வளவு எடுத்தார்கள் என்பதுதான் பலனைத் தீர்மானித்தது. எடை தூக்கிய தசை ஏறக்குறைய ஒரு நாள் வரை தன்னைச் சீர்செய்துகொண்டே இருக்கும். எனவே வீட்டுக்கு வந்து, குளித்து, நிதானமாக ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் சரி.

ஆனால் எங்கள் பெண்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் கிடைப்பதில்லை. பிரச்சினையே அங்கேதான். ஐந்தரைக்கு நடக்க வருவார்கள். ஆறரைக்கு வீடு. பால் காய்ச்சி, டிபன் செய்து, மூன்று டப்பா கட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு உட்காரும்போது மணி பத்து. அதற்குள் இரண்டு காபி உள்ளே போயிருக்கும். பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, தட்டில் ஒட்டியிருந்த உப்புமா, எதையும் வீணாக்க மனம் வராமல் நின்றபடியே வாயில் போட்டிருப்பார்கள். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. பத்து மணிக்கு அசுரப் பசி, அப்போது சட்டியில் இருப்பது ஆறிப்போன நாலு இட்லி. பசி அடங்காமல் மறுபடி நாலு பிஸ்கட். ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு இரண்டு மடங்கு சோறு. இது அவர்களுடைய மனக்கட்டுப்பாட்டுக் குறை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காலை ஆறரைக்கு அவர்களுக்கென்று ஒரு தட்டை யாரும் எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தட்டை முந்தின ராத்திரியே நீங்கள் எடுத்து வையுங்கள். பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ ஊறப்போட்டுவிட்டுப் படுங்கள். நடக்கக் கிளம்பும் முன் குக்கரில் போட்டு, வீட்டில் விழித்திருக்கிற யாரையாவது அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வரலாம். அதற்கு ஆள் இல்லையென்றால் ராத்திரியே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் முட்டையையும் அப்படியே வேகவைத்து வைக்கலாம். நடந்து வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் மோர், இல்லையென்றால் இரண்டு முட்டை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நிற்க வேண்டாம். அதன் பிறகு டப்பா கட்டுங்கள். இது உங்கள் டிபனின் முதல் பாதி. எட்டரைக்கோ ஒன்பதுக்கோ இரண்டு இட்லி என்று மறுபாதி. இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு வேளை என்று நினைவிருக்கட்டும். பிள்ளையின் மிச்சத் தோசைக்கு உங்கள் வயிற்றை விட்டால் வேறு இடமில்லை என்று நினைக்காதீர்கள். நாளைக்கு அரைத் தோசை குறைவாக வையுங்கள்.

தட்டில் எவ்வளவு

உழைப்பும் பயிற்சியும் அதிகமில்லாத சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. எடை குறைத்துக்கொண்டே பயிற்சியும் செய்கிறவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக, கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து தொடங்கலாம். எழுபது கிலோ என்றால் 84 கிராம். மூன்று வேளைக்கும் சமமாகப் பிரித்தால் வேளைக்கு 28 கிராம்; பயிற்சிக்குப் பின் வரும் வேளையில் குறைந்தது 20 முதல் 25 கிராமாவது வர வேண்டும்.

நம் வழக்கமான டிபனில் அது வருவதில்லை. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுதான். நாலு இட்லி சாப்பிட்டாலும் 8. தேங்காய்ச் சட்னியில் புரதம் சொற்பம், தாராளமாகப் போட்டுக்கொண்டால் கலோரி மட்டும் எளிதில் நூறைத் தொடும். பொங்கலில் பருப்பு இருந்தாலும் நெய்யும் முந்திரியும் கணக்கை ஏற்றிவிடும்.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வழி சுலபம். இரண்டு முட்டையில் 12 கிராம், இரண்டு இட்லியில் 4, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணத்தில் 4 அல்லது 5. இருபது வந்துவிட்டது. மஞ்சள் கருவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

சைவர்களுக்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். பச்சைப்பயறு 50 கிராம் ஊறவைத்துக் கடைந்தால் 12 கிராம். அதோடு ஒரு ராகி தோசை, 200 கிராம் தயிர். இதுவும் இருபதைத் தாண்டும். பயறையே இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்து அரைத்து அடையாக ஊற்றலாம்; அரிசியைக் கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். சோயா உருண்டை 30 கிராமில் 15 கிராம் புரதம் இருக்கிறது, குழம்பிலோ பொரியலிலோ போட்டுவிடலாம். நிலக்கடலை நல்லதுதான், ஆனால் 30 கிராமுக்கு 170 கலோரி. வேகவைத்து, எண்ணிச் சாப்பிடும் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்; பையோடு மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். சட்னியில் தேங்காயைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் பொட்டுக்கடலையைப் போட்டால் ருசியும் கெடாது, கொஞ்சம் புரதமும் ஏறும்.

இட்லி, தோசை, களி எதையும் விடச் சொல்லவில்லை. பயிற்சியில் தசை செலவழித்த சர்க்கரையை நிரப்ப மாவுச்சத்து வேண்டும். அது இல்லாமல் சில நாள் இருந்தால் பயிற்சியில் சீக்கிரம் சோர்வு தட்டலாம். அளவைப் பாதியாக்குங்கள், காலியான இடத்தில் பயறும் காயும் வரட்டும். முதலில் பயறையும் காயையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு இட்லிக்குக் கை நீட்டினால் மூன்றாவது இட்லி தேவைப்படாது.

எண்ணெயைக் கண்ணால் ஊற்றாதீர்கள். ஒரு டீஸ்பூனில் 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. முறுகலாக ஒரு தோசைக்கு மூன்று டீஸ்பூன் சாதாரணமாகப் போய்விடும்.

மாலையில் பயிற்சி செய்கிறவர்கள்

வேலை முடிந்து ஏழு மணிக்கு ஜிம்முக்குப் போய் எட்டரைக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு இரவு உணவுதான் பயிற்சிக்குப் பின் உணவு. ஜிம்மிலிருந்து வரும் வழியில் ஒரு ஷேக், வீட்டில் சாப்பாடு என்று இரண்டாக்கினால் எடை ஏறத்தான் செய்யும். ஐந்து மணிக்கு பஜ்ஜியை விட்டுவிட்டு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுப் போங்கள், பயிற்சியும் நன்றாக வரும், திரும்பும்போது பசியும் வெறியாக இருக்காது. இரவில் மீன் குழம்பு, கோழி, பன்னீர், பருப்பு எதுவானாலும் ஒரு நல்ல பங்கு, இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் காய்.

எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதத்தையே இதற்கு ஏற்ப மாற்றிவிட்டேன். வழக்கமாக ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு போடுவோம். நான் முக்கால் டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் பருப்பு போடுகிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, காய்ந்த மிளகாய் எல்லாம் அதேதான், பூண்டு மட்டும் கொஞ்சம் கூடுதல். தண்ணீர் அரை டம்ளர் சேர்த்து விட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டிப்பட்டுவிடும். நெய் ஒரு டீஸ்பூன், பரிமாறும்போது மேலே. அதோடு தயிரும் கீரைப் பொரியலும். மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம், வீட்டில் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை.

புரதப் பொடியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதில் மந்திரமும் இல்லை, விஷமும் இல்லை. சமைக்க முடியாத நாளில் ஒரு கரண்டி கலக்கிக் குடிக்கலாம். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். மால்ட் சேர்த்த பானப் பொடிகள் வேறு விஷயம், பலவற்றில் சர்க்கரைதான் நிறைய. 'ஆரோக்கிய பானம்' என்ற வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை. அதனால்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அப்படிப்பட்ட பானங்களை அந்தப் பெயரில் பட்டியலிட வேண்டாமென்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

சர்க்கரை நோய் இருந்தால்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியான சர்க்கரை நோய் ஆய்வின்படி (INDIAB) தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நடைபாதையில் நம்மோடு நடக்கும் கூட்டத்தில் அவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கலாமா, நடந்த பிறகு டிபனைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, கண் இருட்டினால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள், 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே நான் எழுதிய புரத அளவைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு அளவு வேறு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க

எடையை வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் எழுந்ததும் பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீர்க் கணக்குதான் மனதைக் குழப்பும். வாரத்துக்கு அரைக் கிலோ நல்ல வேகம். மாதம் ஒரு முறை தொப்புள் உயரத்தில் இடுப்பை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டவர்களுக்குப் பெண்கள் 80 சென்டிமீட்டர், ஆண்கள் 90 என்பது தாண்டக் கூடாத அளவு. டம்பெல் பயிற்சி தொடங்கியவர்களுக்கு எடை நின்றாலும் இடுப்பு குறைவதுண்டு, அது நல்ல செய்தி.

உடம்பும் சொல்லும். பதினோரு மணிக்கே பசி பிராண்டினால் காலையில் புரதம் போதவில்லை, ஒரு முட்டையோ அரைக் கிண்ணம் சுண்டலோ கூட்டுங்கள். டிபன் முடிந்ததும் தூக்கம் தள்ளினால் இட்லியில் ஒன்றைக் குறையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அடுக்களையைத் துழாவத் தோன்றினால் பகல் முழுக்க நீங்கள் குறைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து எல்லோரும் ஓட்டலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை, நானும் போகிறேன். அந்தச் சாப்பாட்டைக் காலை டிபனாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி, சாம்பார் கிண்ணத்தில் தனியாக, கிடைக்கிற இடமானால் ஒரு ஆம்லெட், சர்க்கரை இல்லாமல் காபி. வடை வேண்டும் என்று தோன்றினால் ஒன்றை வாங்கி நாலு பேர் பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் மறுபடி டிபன் கிடையாது.